அரையங்குலம் பெரிய கதவு

"அந்த முனையை நீங்க பிடிங்க" என்று அளவு டேப்பின் கொக்கியை எதிரில் நிற்கும் வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு பின்பக்கமாகவே நடக்கிறார் எங்கள் தெருக் கடைக்காரர். முதுகு மரச்சட்டத்தில் இடித்ததும் நிற்கிறார். எண்ணை முதலில் மனசுக்குள் படிக்கிறார், பிறகு உதட்டை மட்டும் அசைத்துப் படிக்கிறார், கடைசியில் வகுப்பில் பெயர் கூப்பிடும் வாத்தியாரைப் போல உரக்கச் சொல்கிறார். அதை வாடிக்கையாளர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டேப்பை விடமாட்டார். இது காலையில். மதியம் ஒரு தடவை வருவார், சாயங்காலம் இன்னொரு தடவை வருவார். மரம் வெயிலுக்குச் சுருங்கும், ஈரத்துக்கு உப்பும், ஒரே நாளில் மூன்று வேளை அளந்தால்தான் ஒரு வாசலின் குணம் பிடிபடும் என்பது அவர் கட்சி.

வாடிக்கையாளர் பிடித்திருக்கும் முனையை மட்டும் அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கேட்டால், "பார்த்தா உங்க மேல நம்பிக்கை இல்லன்னு ஆயிடும் சார்" என்பார். இந்த மரியாதை அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கண்ணாடிக் கடைக்காரர். கதவுக்கு, சன்னலுக்கு, அலமாரிக்கு, மேசைக்கு என்று அளவெடுத்து, தொழிற்சாலைக்குச் சொல்லி, வந்ததைப் பொருத்திக் கொடுப்பது தொழில். எந்த அளவிலும் அரை அங்குலம் குறைத்துத்தான் ஆர்டர் சொல்வார். "கண்ணாடி மூச்சு விடணும் சார்" என்பது காரணம். அதனால் தெருவில் அவருக்கு 'அரையங்குலம்' என்றே பெயர். அவருடைய அசல் பெயர் கடையின் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன், மறந்துவிட்டேன். அவர் கடைக்கு மேலே இரண்டு அறையில் நான் குடியிருக்கிறேன்.

அளவுகளைக் காகிதத்தில் எழுதமாட்டார். காகிதம் தொலைந்துபோகுமாம். இடது முன்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு நேரே கடைக்கு வந்து, போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் கையை நீட்டுவார். அந்த அம்மாள் ஒரு கையில் போனையும் மறு கையில் புருஷனையும் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் திருப்புங்க, மணிக்கட்டுப் பக்கம் என்ன, மூணா எட்டா?" என்று ஆர்டர் சொல்வதைப் பார்க்கலாம். கல்யாண முகூர்த்த மாசம் போல வேலை குவிந்த நாட்களில் முழங்கை வரைக்கும் எண்கள் ஏறியிருக்கும். அப்போது சட்டைக் கையை மடித்துவிட்டபடி, குளிக்காமல் திரிவார்.

வேறு சில பழக்கங்களும் உண்டு. வருடக்கணக்கில் கண்ணாடி தூக்கி நடந்தவர், வெறுங்கையோடு வந்தாலும் வாசலில் பக்கவாட்டில்தான் நுழைவார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சன்னலை விரலால் தட்டிப் பார்ப்பார், பிறகுதான் ஆட்களிடம் நலம் விசாரிப்பார். ஒருமுறை காய்ச்சலுக்கு ஊசி போடப் போன இடத்தில், டாக்டர் இவர் நெஞ்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் டாக்டருக்குப் பின்னால் இருந்த தடுப்பைத் தட்டிக்கொண்டிருந்தாராம். இரண்டுமே சரியாக இருந்தன என்று பெருமையாகச் சொன்னார்.

இவ்வளவு கவனமான மனிதரின் கடைப் பின்சுவரில் நாற்பத்தொரு தப்புக் கண்ணாடிகள் சாய்ந்து நிற்கின்றன. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கதவுக்கும் தடுப்புக்கும் போடும் கண்ணாடியைச் சூளையில் ஏற்றிக் கெட்டிப்படுத்துவார்கள். கெட்டியான பிறகு அதை வெட்ட முடியாது. உளி வைத்தால் உப்புக்கல்லாக உதிர்ந்துவிடும். ஆகவே கால் அங்குலம் தப்பினாலும் தப்பியதுதான். தப்பு சில சமயம் தொழிற்சாலையில் நடக்கும், சில சமயம் போனில் நடக்கும், சில சமயம் இவர் வியர்வையில் எட்டு அழிந்து மூன்றாகும். எங்கே நடந்தாலும் தொழிற்சாலைக்காரர்கள், "நீங்க சொன்னபடிதான் செஞ்சோம்" என்று ஒரே பாட்டைப் பாடுவார்கள். வாடிக்கையாளர்கள், "நாங்களா அளந்தோம்?" என்று கேட்பார்கள். நடுவில் நிற்கும் இவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, கைக்காசைப் போட்டு வேறு கண்ணாடி தருவிப்பார்.

என் குளியலறைச் சன்னலுக்கும் அப்படித்தான் ஆயிற்று. வந்த கண்ணாடி ஒரு கட்டைவிரல் அளவுக்குக் குட்டை. நானும் சண்டைக்குத் தயாராக, நாலு கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டு படியிறங்கினேன். நான் வாயைத் திறப்பதற்குள், "தப்பு நம்மளுது சார், புதன்கிழமை வேற வந்துடும், நீங்க ஒண்ணும் தர வேண்டாம்" என்றார். டேப்பின் ஒரு முனையை நானும்தானே பிடித்தேன் என்ற நினைப்பு எனக்கு வரத்தான் செய்தது. வந்த வழியே அதை அனுப்பிவிட்டேன். நான் பெரும்பாலும் வாங்குகிற பக்கத்தில் இருப்பவன். விற்கிறவர் தப்புக்கு விற்கிறவரே அழ வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை.

சந்தேகம் வந்தது அவர்கள் வீட்டில் சாப்பிடப் போனபோதுதான். சாப்பாட்டு மேசையின் மேற்பரப்பு ஒரு கதவு. பல் டாக்டருக்காக வந்து, உயரம் தப்பி, இங்கே படுத்துவிட்டது. ஒரு பக்கத்தில் பூட்டுக்கு விட்ட ஓட்டை இருக்கிறது. தெரியாமல் அதன்மேல் டம்ளரை வைத்தால் நேரே தொடையில் வந்து விழும். ஓரத்தில் 'தள்ளவும்' என்று வெள்ளையாகச் செதுக்கியிருக்கிறது. என் தட்டு சரியாக அதன்மேல் வைக்கப்பட்டிருந்தது. நான் மூன்று தடவை போதும் என்றும், அந்த அம்மாள் நாலாவது தடவையும் பரிமாறினார்.

அந்த வீட்டில் கண்ணாடிச் சாமான் ஒவ்வொன்றுக்கும் அது போய்ச் சேராத இடத்தின் பெயர்தான். "வக்கீல் மேல ஈரத்துணி வைக்காதீங்க" என்பார் மனைவி. வக்கீல் என்பது சமையலறை அலமாரித் தட்டு. "நகைக்கடையைத் துடைச்சாச்சா?" என்பார் இவர். அது சுவர் கடிகாரத்துக்கு மேல் ஒழுகும் கூரையின் மழைத்துளி விழாமல் போட்ட மறைப்பு. ஒரு பொருளும் அதன் இடத்துக்குப் பொருந்தவில்லை. ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் பல் விழுந்த மாதிரி இடைவெளி தெரியும்.

பல் டாக்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து அவர்கள் இருவரும் போடும் சண்டை இருபத்திரண்டு வருஷத்துப் பழசு.

"ரொட்டிக்கடையில நாலு ரொட்டி கேட்டோம், அவன் தப்பா அஞ்சு குடுத்துட்டான்னு வை. அஞ்சாவதுக்கு நாம காசு குடுப்போமா?" என்று கேட்டார் இவர்.

"மாட்டோம். திருப்பிக் குடுத்துடுவோம். உங்க கண்ணாடியை யாரு திருப்பி எடுத்துக்கறா? நம்ம வீடுதானே எடுத்துக்குது?"

"தப்பு செஞ்சது நாம. அவங்க ஏன் அழணும்?"

"முழுசா அழ வேண்டாங்க. பாதி அழட்டும். டேப்புல ஒரு முனையை அவங்கதானே பிடிக்கறாங்க?"

"அது மரியாதைக்குப் பிடிக்கச் சொல்றது" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு பேச்சில்லை என்பதற்கு அடையாளமாகக் கையைக் கழுவ எழுந்துபோனார்.

அந்த அம்மாள் பணத்தாசை பிடித்தவர் இல்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கண்ணாடி. கல்யாணமான இரண்டாவது வருஷம் இவர் வாக்குக் கொடுத்தது. தரையிலிருந்து அவர் உச்சந்தலை வரை நிற்கிற, ஓரத்தைச் சாய்த்துத் தேய்த்த ஆளுயர முகக்கண்ணாடி. யாருக்கோ வந்து தப்பியது இல்லை, அவருக்கென்றே அளவு சொல்லி வரவழைப்பது. அதற்காக அவர் சேர்த்த பணத்தை முதலில் ஒரு மீன்தொட்டி விழுங்கியது, பிறகு ஒரு வங்கியின் தடுப்பு விழுங்கியது, போன வருஷம் என் குளியலறைச் சன்னலும் கொஞ்சம் கொறித்திருக்கிறது. இப்போது அவர் தலை வாருவது நாலு விரல் உயரக் கண்ணாடித் துண்டு ஒன்றில். நெற்றியைப் பார்த்தால் தாடை தெரியாது, தாடையைப் பார்த்தால் நெற்றி தெரியாது.

"முழுசா நான் எப்படி இருக்கேன்னு அடுத்தவங்க வீட்டுலதான் சார் பார்த்துக்கறேன். பொருத்தின கண்ணாடி நல்லா இருக்கான்னு கேக்கற சாக்குல போய் நிப்பேன்" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளியலறைச் சன்னல் ஞாபகம்தான் வந்தது.

இந்த வருஷம் பணம் மறுபடி சேர்ந்துவிட்டது. சனிக்கிழமை ஆர்டர் சொல்வதாக இருந்தது. அதற்கு முந்தின புதன்கிழமைதான் டெய்லரம்மாவின் கதவு வந்து இறங்கியது.

டெய்லரம்மா பக்கத்துத் தெருவில் வீட்டுக்குள்ளேயே தைத்துக்கொண்டிருந்தவர். முதல்முறையாகத் தெருவைப் பார்த்த கடை பிடித்து, வெள்ளிக்கிழமை திறப்பதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டார். வாசலுக்கு ஒற்றைக் கண்ணாடிக் கதவு. மூன்று வேளையும் அவரேதான் முனையைப் பிடித்தார். மூன்று வேளையும் ஓர் இழைகூட மாறாமல் ஒரே எண் வந்தது. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு வாசலைப் பார்த்ததில்ல சார், தங்கமான வாசல்" என்று இவர் முன்கையைக் காட்டிக் காட்டிச் சந்தோஷப்பட்டார்.

கதவைத் தூக்கி நிறுத்தினால் நுழையவில்லை. ஒரு கை கொடுக்க நானும் போயிருந்தேன். இவர் அளந்தார். மறுபடி அளந்தார். கழுவாமல் வைத்திருந்த முன்கையைப் பார்த்தார். கதவு, கையில் எழுதியதற்கு அரை அங்குலம் குறைத்துச் சொன்னபடியே இருந்தது. வாசல்தான் அரையங்குலம் சின்னதாக இருந்தது. வேறு கதவு வர பத்து நாளாகும். டெய்லரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இவர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"தப்பு நம்மளுதும்மா. வேற வந்துடும். நீங்க ஒண்ணும் தர வேண்டாம்."

விஷயம் கேள்விப்பட்டு, கடையைச் சாத்திக்கொண்டு மனைவி வந்துசேர்ந்தார். அவர் தெருவில் அத்தனை வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. புருஷனைக் கடந்து போனார். நேரே டெய்லரம்மாவிடம் போய் டேப்பை நீட்டினார்.

"நீங்க எப்படிப் பிடிச்சீங்க? ஒரு தடவை காட்டுங்கம்மா."

டெய்லரம்மா கொக்கியை வாங்கி, சட்டத்தின் உள்விளிம்பில் வைக்காமல், விளிம்பைத் தாண்டி ஓர் அங்குலம் தள்ளி, மரத்தின் முகப்பில் அழுத்தமாக வைத்தார். வைத்த விதத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

"அங்க ஏன் வச்சீங்க?"

"தையலுக்கு விட வேண்டாமாக்கா?" என்றார் டெய்லரம்மா. "துணி கூடிப்போச்சுன்னா வெட்டிக்கலாம். குறைஞ்சுபோச்சுன்னா எங்க போறது?"

"மூணு தடவையும் இப்படியேவா?"

"மூணு தடவையும்தான். நான் வேளைக்கு ஒரு மாதிரி பிடிக்கற ஆள் இல்லக்கா."

 மனைவியின் முகத்தில் இருபத்திரண்டு வருஷத்து வழக்கு தீர்ப்பாகி வந்த வெளிச்சம். இவ்வளவு காலமும் தப்பு யாருடையது என்று குழம்பிக் கிடந்த இடத்தில், முதல் தடவையாக ஆள் கையும் களவுமாக, அதுவும் தானே செய்துகாட்டி, பிடிபட்டிருக்கிறார். டெய்லரம்மாவுக்கும் புரிந்துவிட்டது. வாயில் கையை வைத்துக்கொண்டார். பிறகு தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து, "ஐயோ, அப்ப இது என் தப்புண்ணா! ரெண்டு கதவுக்கும் நானே குடுத்துடறேன்" என்று பணத்தை எடுத்தார். திறப்பு விழாவுக்கு வைத்திருந்த பணமாக இருக்க வேண்டும்.

நான் இவரைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவை தப்பு தன்னுடையது இல்லை என்று நிரூபணமான மனிதர், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு களையும் இல்லை. யாரோ அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தார்.

"டேப் என்னுது" என்றார்.

"என்னது?" என்றார் மனைவி.

"டேப் என்னுது. அவங்க ஊசி நூலைப் பிடிக்கத் தெரிஞ்சவங்க. அதை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லாதது யாரு? அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதது யாரு?"

"நீங்கதான் மரியாதைன்னு பார்க்க மாட்டீங்களே!"

"அதான். என் மரியாதைக்கு அவங்க ஏன் காசு குடுக்கணும்?"

"இல்லண்ணா, நான்தான் குடுப்பேன்."

"நீங்க உள்ள வைங்கம்மா."

பணத்தை ஒருவர் நீட்ட, இன்னொருவர் தள்ள, நான் என் வாழ்நாளில் இப்படித் தலைகீழான சண்டையைப் பார்த்ததில்லை. சும்மா இருந்தது மனைவி ஒருவர்தான். பிறகு சண்டைக் குரலில் இல்லாமல், சாதாரணமாகக் கேட்டார்.

"அப்ப என் கண்ணாடி இந்த வருஷமும் இல்லையாங்க?"

இவர் டப்பாவின் மேல் இருந்த காய்ந்த பெயின்டைச் சுரண்டினார்.  என் சன்னலுக்கான பணத்தை இப்போதே கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

டெய்லரம்மா பணத்தை மெஷின்மேல் வைத்தார். எழுந்துபோய்ச் சாய்த்து வைத்திருந்த கதவைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், சட்டத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். துணியின் விளிம்பைப் பிடித்துப் பார்க்கிற அதே பிடி.

"இதுலதான் நிறைய விட்டிருக்கே. பிரிச்சுவிட்டா என்னண்ணா?"

"எதை?"

"வாசலைத்தான்."

இவர் எழுந்தே நின்றுவிட்டார். அவர் தொழிலில் சுவரில் இருக்கும் ஓட்டை தப்பு செய்யாது. ஓட்டை எப்போதும் சரி, கண்ணாடிதான் தப்பும். அதை நம்பியே முடி நரைத்தவர். "வாசலை எப்படிம்மா...?" என்று இழுத்தார்.

"சட்டை இறுகிடுச்சுன்னா உடம்பையா செதுக்கறோம்? தையலைப் பிரிச்சு விடறோம். உங்க கண்ணாடியை வெட்ட முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? மரத்தை இழைக்கலாம்ல?"

அடுத்த தெருத் தச்சர் மறுநாள் காலையில் வந்தார். கதவு நுழைய அரை அங்குலம் போதும், ஆனால் மூச்சு விட இன்னும் அரை வேண்டும் என்று இவர் பிடிவாதம் பிடித்ததால், இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை என்று இழைத்தார்கள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. கதவு வாசலில் நின்று, தள்ளினால் போய், விட்டால் திரும்பி வந்தது. தச்சருக்குக் கூலியை யார் கொடுப்பது என்று மறுபடியும் இரண்டு பேரும் ஆரம்பித்தார்கள். மனைவிதான் முடித்துவைத்தார்.

"கதவு எவ்வளவோ அதை அவங்க முழுசா குடுக்கட்டும். அவங்க கதவுதானே, அவங்க வாசல்லதானே நிக்குது? தச்சருக்கு நாம குடுப்போம். டேப் நம்மளுது."

தன் கைப்பையைத் திறந்து அவரே கொடுத்தார். வழக்கில் ஜெயித்தவர் அபராதம் கட்டிய மாதிரி எனக்குப் பட்டது. ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் இவர் கடைப் பின்சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தொரு கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டி, உதட்டை அசைத்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். "இதுல பாதியாவது, வாசலை இழைச்சிருந்தா போயிருக்கும் சார்" என்றார் என்னிடம். மனைவி போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சொல்ல எத்தனையோ இருந்திருக்கும். டீயை மட்டும் நகர்த்தி வைத்தார். அந்த டீ ஆறிப்போயிற்று.

சனிக்கிழமை ஆளுயரக் கண்ணாடிக்கு ஆர்டர் போயிற்று. மனைவியைச் சுவரோரம் நிறுத்தி, காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் அளந்தார். "மனுஷங்களும் சாயங்காலம் கொஞ்சம் குறையறாங்க சார்" என்று கண்டுபிடித்துச் சொன்னார். இந்தத் தடவை இரண்டு முனையையும் குனிந்து நிமிர்ந்து தானே பார்த்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் அது வந்தது. திருகாணி எடுத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் ஏற்றி நிறுத்தி, காகித உறையைக் கிழித்ததும், அந்த அம்மாள் முன்னால் போய் நின்றார். நெற்றியும் தாடையும் ஒரே நேரத்தில் இருந்தன. சேலைக் கரை தரையைத் தொடுகிற இடம் வரை இருந்தது. ரொம்ப நேரம் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு, "நீங்களும் வாங்க" என்று புருஷனைக் கூப்பிட்டார்.

இவர் வந்து பக்கத்தில் நின்றார். நின்ற பிறகுதான் தெரிந்தது. அவர் மனைவியைவிட ஒன்றரைச் சாண் உயரம். அளவு முழுக்க மனைவியுடையது. கண்ணாடியில் அந்த அம்மாள் முழுசாக இருந்தார், பக்கத்தில் கழுத்து வரைக்கும் ஒரு சட்டை நின்றது.

"உங்க தலை எங்கங்க?" என்றார் மனைவி. பிறகு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அளவு தப்பிடுச்சே. நான் காசு குடுக்கணுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

நான் திருகாணிகளை இறுக்கிப் பிடித்தபடி காத்திருந்தேன். தப்பு நம்மளுது, வேற வந்துடும் என்ற வாக்கியம் வந்தே தீரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியின் மேல்விளிம்பை ஒரு தடவை பார்த்தார், மனைவியின் உச்சந்தலையை ஒரு தடவை பார்த்தார்.

"கண்ணாடி சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, தன் முகவாய் மனைவியின் தோளுக்கு வந்து சேரும் வரை முழங்காலை மெல்ல மடக்கினார்.